கஜானா என்பது எங்கே இருக்கிறது?

அரசாங்கத்தின் பணம் சேர்ந்து கிடக்கும் இடத்துக்குத் தமிழில் வாய்க்கு வாய் வழங்கும் பெயர் கஜானா. வரி, கட்டணம், அபராதம் என்று பல வழிகளில் வந்த பொதுப்பணம், செலவாகும் வரை தங்கியிருக்கும் இடம். அந்த இடத்துக்கும் இதுதான் பெயர், அங்கே உள்ள பணத்துக்கும் இதுதான் பெயர்.

ஒரு விசேஷம். எவ்வளவு பெரிய பணக்காரர் வீட்டிலும் கஜானா கிடையாது.

வீட்டில் இருப்பது பீரோ. கடையில் கல்லா. கோயிலில் உண்டியல். வங்கியில் லாக்கர். பாட்டிக்குச் சுருக்குப்பை. கஜானா வேண்டுமானால் ராஜாவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அரசாங்கமாக இருக்க வேண்டும். (கேலிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. மாதக் கடைசியில் "நம்ம கஜானா காலி" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டுகிறவர், ஒரு நிமிடம் ராஜாவாகிக்கொள்கிறார்.)

இந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் வினைகளும் குறைவு. கஜானா காலியாகும், நிரம்பும். சுரண்டப்படும், கொள்ளை போகும். இவற்றில் முதலாவதுக்குத்தான் செல்வாக்கு அதிகம். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் பதவியேற்ற சில வாரங்களில் "முந்தைய ஆட்சி கஜானாவைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது" என்ற அறிக்கை வரும். அந்த முந்தைய ஆட்சியும் வந்த புதிதில் அதையேதான் சொல்லியிருக்கும். பல பதிற்றாண்டுகளாகக் காலியாகவே கைமாறிக்கொண்டிருக்கும் ஒரே பொருள் இதுவாகத்தான் இருக்கும்.

காலி என்றால் என்ன காலி? அறையா, பெட்டியா, கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கமா? இதற்குப் பதில் தெரிய, சொல்லின் பூர்வீகத்திலிருந்து வர வேண்டும்.

கஜானா அரபியில் பிறந்தது. சேர்த்து வை, பத்திரப்படுத்து என்று பொருள் தரும் ஒரு வினையடி அங்கே உண்டு. அதிலிருந்து வந்தது கஸானா. பாரசீகம் அதை எடுத்துக்கொண்டது. பாரசீகம் முகலாயர் காலத்து நிர்வாக மொழி. எனவே வசூல், தாசில், ஜில்லா, தாலுகா, ஜமாபந்தி, சிரஸ்தார் என்று வருவாய்த்துறையின் மொத்தப் பரிவாரத்தோடும் இதுவும் தமிழுக்கு வந்து சேர்ந்தது. பணத்துக்குப் பொறுப்பானவர் கஜானாஞ்சி. வடக்கே இன்று கஜாஞ்சி என்று குடும்பப் பெயரே இருக்கிறது.

அதே வினையடியிலிருந்து வந்த இன்னொரு சொல் மக்ஸன். சேமிப்பு அறை, கிடங்கு என்று பொருள். மொராக்கோவில் மக்ஸன் என்றால் அரசாங்கமே. மன்னரும் அவரைச் சுற்றியுள்ள அதிகார வட்டமும் சேர்ந்தது அங்கே மக்ஸன். வசூலித்த தானியமும் பணமும் குவிந்திருக்கும் கிடங்கு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அரசு என்பதை இதைவிடச் சுருக்கமாக வேறெந்த மொழியும் சொல்லிவிடவில்லை.

இந்த மக்ஸன்தான் ஸ்பெயினுக்குப் போய் அல்மாசென் ஆனது. பிரான்சில் மகஸான், அதாவது கடை. இங்கிலாந்துக்குள் மேகசின் என்று நுழைந்து, சரக்குக் கிடங்காகவும் வெடிமருந்துக் கிடங்காகவும் இருந்தது. 1731-ல் லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர் பல விஷயங்களையும் ஒரே இடத்தில் தொகுத்துத் தரும் மாத இதழ் ஒன்றைத் தொடங்கி, கிடங்கு என்ற பொருளில் அதற்கு 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து மேகசின் என்றால் பத்திரிகை. ஆக, கஜானாவும் மேகசினும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். (துப்பாக்கியில் குண்டு நிரப்பும் மேகசினும் அதே குடும்பம்தான். கொஞ்சம் முரட்டுப் பங்காளி.)

கஜானா வருவதற்கு முன்னால் தமிழர்கள் இதை என்னவென்று சொன்னார்கள் என்றால், பதில் சற்று எதிர்பாராதது.

கூழ்.

திருக்குறளில் இறைமாட்சி அதிகாரத்தின் முதல் குறள் ஓர் அரசனுக்கு இருக்க வேண்டிய ஆறு உடைமைகளைப் பட்டியலிடுகிறது. படை, குடிமக்கள், அமைச்சர், நட்பு, கோட்டை ஆகியவற்றோடு நடுவில் நிற்பது கூழ். உரைகாரர்கள் இதற்குப் பொருள், செல்வம் என்று விளக்கம் தருகிறார்கள். உணவுக்கும் செல்வத்துக்கும் ஒரே சொல் இருந்த காலம் அது. நெல்தான் பணம், நெற்குதிர்தான் வங்கி. பிற்காலத்தில் செல்வம் என்ற பொருள் உதிர்ந்துபோய், கம்பும் கேழ்வரகும் மட்டும் மிஞ்சின. ஆடி மாதத்தில் அம்மன் கோயில் வாசலில் ஊற்றப்படுவது, சொல்லளவில், அரச உடைமை.

அந்தக் கூழ் எங்கிருந்து வர வேண்டும் என்பதற்கும் குறள் கணக்கு வைத்திருக்கிறது. பொருள்செயல்வகை அதிகாரத்தில் மூன்று வழிகள் பேசப்படுகின்றன. உறுபொருள், உல்குபொருள், தெறுபொருள். தெறுபொருள் தோற்ற பகைவர் கட்டும் திறை. உல்கு என்பது சுங்கம். உறுபொருள்தான் சுவாரசியமானது: சொந்தக்காரர் இல்லாததால் தானாக வந்து சேரும் சொத்து.

திறை கட்டும் வழக்கம் ஒழிந்தது. சுங்கம் இருக்கிறது. உறுபொருள்? அதுவும் அப்படியே இருக்கிறது. வாரிசு இல்லாமல் ஒருவர் இறந்தால் அவர் சொத்து அரசைச் சேரும் என்கிறது இந்திய அரசியலமைப்பின் 296-ஆவது பிரிவு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் இதே கதைதான். மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பொருளைப் பக்கத்திலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதற்கு ஜாமீன் தர வேண்டும். கிணறு வெட்டப் பானை கிடைத்த கதைகளில் கடைசிக் காட்சி ஏன் எப்போதும் தாலுகா அலுவலகத்திலேயே முடிகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

நிதி என்ற சொல்லும் முதலில் புதையலைக் குறித்ததுதான். குபேரனுடைய சங்கநிதியும் பதுமநிதியும் கோயில் வாசல்களில் குண்டு வயிறோடு உட்கார்ந்திருக்கும் இரண்டு உருவங்களாக இன்றும் காணக்கிடைக்கின்றன. அந்த வயிறு சேர்த்து வைத்ததன் அடையாளம். இன்று நிதி என்றால் சேர்ந்திருப்பது என்ற பொருள் பின்னுக்குப் போய், புழங்குவது என்ற பொருள் முன்னுக்கு வந்துவிட்டது. நிதிநிலை, நிதியமைச்சர், நிதியாண்டு. பற்றாக்குறை என்ற சொல்லோடும் கூச்சமில்லாமல் சேர்ந்துகொள்கிறது நிதி. புதையல் பற்றாக்குறை என்று யாரும் சொல்லிப் பார்த்ததில்லை.

அடுத்து வருவது பண்டாரம். இந்த வரிசையிலேயே அதிகம் உயர்ந்ததும் அதிகம் விழுந்ததும் இதுதான்.

பாண்டம் என்றால் பாத்திரம், சரக்கு. பாண்டம் வைக்கும் ஆகாரம், அதாவது அறை, வடமொழியில் பாண்டாகாரம். அது சுருங்கிப் பண்டாரம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் இது மிக மரியாதையான சொல். கோயிலின் கருவூலம் ஸ்ரீபண்டாரம். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அந்தப் பணம் எப்படிப் புழங்கியது என்பதை வரி வரியாகச் சொல்கின்றன. கோயிலுக்கு வந்த காசு பூட்டுக்குள் தூங்கவில்லை. ஊர்ச்சபைகளுக்குக் கடனாகப் போனது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, நூற்றுக்குப் பன்னிரண்டரை. வட்டி காசாகவும் வந்தது, நெல்லாகவும் வந்தது. அந்த வட்டியில் விளக்கு எரிந்தது, பூசை நடந்தது. முதல் அப்படியே நின்றது.

சேர்த்து வைத்த பணம் என்ற சொல்லுக்குள் கடன் கொடுத்து வாங்கும் ஒரு வங்கி இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அடைத்து வைத்ததால் அது பண்டாரம் ஆகவில்லை; எவ்வளவு, யாரிடம், எப்போது திரும்பும் என்று எழுதி வைத்ததால் ஆனது. அதுவும் கல்லில் எழுதியது. அழித்துத் திருத்த வழியில்லை.

பணம் மட்டுமல்ல, சுவடிகளும் பண்டாரத்தில் இருந்தன. கோயில்களில் ஏடுகள் பாதுகாக்கப்பட்ட நூலகத்துக்கு சரசுவதி பண்டாரம் என்று பெயர். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் சமணர்களின் சுவடி நூலகங்கள் இன்றும் ஞான பண்டார்தான். செல்வக் கிடங்கின் பெயரை அறிவுக் கிடங்குக்குத் தருவது உலகம் முழுக்க உள்ள பழக்கம் போலும். வடமொழியில் கோசம் என்றால் அரசனின் கருவூலம். அமரகோசம் என்றால் அகராதி. கிரேக்கத்தில் கருவூலத்தைக் குறித்த சொல் லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து தெசாரஸ் என்ற சொற்களஞ்சிய நூலாகியது. ட்ரெஷரியும் அதன் உடன்பிறப்பு. தமிழில் நெல் கொட்டும் களஞ்சியம், பெ. தூரன் பொறுப்பில் 1954 முதல் வெளிவந்த தொகுதிகளில் கலைக்களஞ்சியம் ஆனது.

பண்டாரம் கடல் தாண்டியும் போயிருக்கிறது. மலாக்கா சுல்தானின் முதலமைச்சருக்குப் பட்டம் பெண்டஹாரா. இன்று மலேசிய நிதியமைச்சகத்தின் கருவூலத்துக்கு மலாய்ப் பெயர் பெர்பெண்டஹாராஆன். நடுவில் பண்டாரம் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. அதோடு 'காத்தா' என்ற சொல்லைச் சேர்த்தால் சொல்வளம் என்று பொருள். சரசுவதி பண்டாரத்தின் அதே தர்க்கம், வேறொரு கரையில்.

பக்கத்திலேயே, திருவிதாங்கூரில், அரசுக்குச் சொந்தமான நிலம் பண்டாரவகை. 1865-ல் வந்த பாட்டப் பிரகடனம் அந்த நிலங்களை உழுதவர்களுக்கு உரிமை கொடுத்தது. கேரள நில வரலாற்றில் அது பெரிய திருப்பம். லட்சத்தீவில் அரக்கல் அரச குடும்பத்தின் வசம் இருந்த நிலங்கள் இன்றும் பண்டாரம் நிலங்கள் என்றே பேசப்படுகின்றன. தஞ்சாவூர்ப் பக்கம் பாபநாசத்தை அடுத்து பண்டாரவாடை என்று ஓர் ஊரே இருக்கிறது.

இவ்வளவு உயரத்தில் இருந்த சொல் தமிழ்நாட்டில் எப்படிக் கீழே இறங்கியது? இறங்கிய வழி ஆட்களின் வழி. கோயில், மடம் ஆகியவற்றின் பண்டாரத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் பலர் சைவத் துறவிகள். இடத்தின் பெயர் ஆளுக்கு ஒட்டிக்கொண்டது. ஆதீனத் தலைவர்களுக்குப் பண்டாரசந்நிதி என்ற பட்டம் இன்றும் கௌரவமானது. ஆனால் துறவி என்றால் திருவோடு, திருவோடு என்றால் இரப்பவர் என்று பேச்சு வழக்கு சரிந்துகொண்டே போய், ஆண்டிப் பண்டாரம், பரதேசிப் பண்டாரம் என்று வசையில் போய் நின்றது. பூக்கட்டும் தொழிலும் கோயில் ஊழியமும் செய்யும் ஒரு சமூகத்தின் பெயரும் இதுவே என்பதால், அந்த வசை சும்மா ஒரு சொல்லை மட்டும் காயப்படுத்துவதில்லை. செல்வம் நிறைந்த அறையைக் குறித்த சொல், கையில் ஒன்றும் இல்லாதவரைக் குறிக்கும் சொல்லாக மாறியது என்பது தமிழ்ச் சொல் வரலாற்றின் பெரிய தலைகீழ்களில் ஒன்று.

பொக்கிஷத்துக்கு இந்த விபத்து நேரவில்லை. தெலுங்கில் பொக்கசம், கன்னடத்தில் பொக்கச. அந்த இரு மொழிகளிலும் நாளிதழ்கள் இன்றும் அரசு கஜானாவை இந்தச் சொல்லாலும் எழுதுகின்றன. தமிழில் மட்டும் பொக்கிஷம் அரசு வேலையை விட்டு விலகிவிட்டது. அப்பா எழுதிய கடிதம் பொக்கிஷம், பழைய கிராமபோன் தட்டு பொக்கிஷம், பாட்டியின் கைப்பக்குவம் பொக்கிஷம். விலை மதிக்க முடியாதது என்று சொல்ல வேண்டுமானால் பொக்கிஷம். விலை மதித்து ரசீது போட வேண்டுமானால் வேறு சொல்.

அந்த வேறு சொல் கருவூலம்.

சோழர் கல்வெட்டுகளில் கருவுகலம் என்ற வடிவில் கோயில் கருவூலத்தைக் குறித்த பழைய சொல் இது. 1956-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பின் அலுவலகத் தமிழுக்குச் சொற்கள் தேவைப்பட்டபோது கஜானாவின் நாற்காலியில் கருவூலம் உட்கார்ந்தது. கருவூலம் மற்றும் கணக்குத் துறை, மாவட்டக் கருவூலம், சார் கருவூலம் என்று பலகைகள் மாறின.

பலகைதான் மாறியது, பேச்சு மாறவில்லை. அரசு ஊழியர்கள் சொல்வது ட்ரெஷரி. "பில் இன்னும் ட்ரெஷரியிலதான் இருக்கு" என்பது மாதக் கடைசியின் தேசிய கீதம். அரசியல்வாதிகள் சொல்வது கஜானா. கருவூலம் என்று எழுதுவது கோப்புகளும் செய்தித்தாள்களும். மூன்று சொல்லும் ஒரே இடத்தைக் காட்டினாலும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. கஜானா காலி என்றால் காதில் ஒலிக்கிறது. கருவூலம் காலி என்றால் அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள் போலத் தோன்றுகிறது. சலானைக் கருவூலத்தில் செலுத்தலாம், கஜானாவில் செலுத்தினால் நவாப் காலம் வந்துவிடும்.

வெள்ளைக்காரர் காலத்திலும் அதற்குப் பின் பல ஆண்டுகளும் கருவூலம் என்பது நிஜமாகவே ஓர் அறை. தடித்த சுவர், கம்பி போட்ட சன்னல், வாசலில் துப்பாக்கியோடு காவலர். உள்ளே பெட்டிகளில் ரொக்கம். இரட்டைப் பூட்டு, ஒரு சாவி ஓர் அதிகாரியிடம், இன்னொன்று மற்றொருவரிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். (ஒருவர் நேர்மையானவர் என்ற நம்பிக்கையில் ஏற்பட்ட ஏற்பாடு அல்ல, இருவரும் ஒரே நாளில் ஒரே தப்பைச் செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கை.) பணத்தோடு முத்திரைத்தாள்களும், ஒரு காலத்தில் அரசு விற்ற அபினும் அதே பூட்டுக்குள் இருந்தன. விலைமதிப்புள்ள எதையும் பத்திரமாக வைக்க அரசுக்குக் கருவூலத்தைவிட நல்ல இடம் இல்லை. சொத்துக்குவிப்பு வழக்கில் பறிமுதலான ஜெயலலிதாவின் நகைகள், 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டிடம் ஒப்படைக்கப்படும் வரை இருந்தது பெங்களூரு விதான சௌதாவில் உள்ள கருவூலத்தில்தான்.

அறையாக இருந்த காலத்தில் கொள்ளையும் அறைக்கு ஏற்றபடி இருந்தது. 1857 கிளர்ச்சியில் சிப்பாய்கள் ஊர் ஊராக முதலில் குறிவைத்தவற்றில் கருவூலமும் ஒன்று. 1925 ஆகஸ்ட் 9 அன்று லக்னோவுக்கு அருகே காகோரியில் புரட்சியாளர் ராம்பிரசாத் பிஸ்மில் குழுவினர் ரயிலை நிறுத்திப் பறித்தது கார்டு பெட்டியில் போய்க்கொண்டிருந்த அரசுப் பணம். பயணிகளின் பணத்தைத் தொடுவது அவர்கள் திட்டமல்ல. கஜானா ஆட்சியாளனுடையது, அதை எடுப்பது ஆட்சியாளனிடமிருந்து எடுப்பது என்ற தெளிவு அதில் இருந்தது.

எழுபது ஆண்டு கழித்துப் பார்த்தால் காட்சியே வேறு. 1996 ஜனவரியில் அன்றைய பீகாரின் சாய்பாசாவில் கால்நடைத் தீவன ஊழல் வெளிச்சத்துக்கு வந்தது. வாங்காத தீவனத்துக்கும் மருந்துக்கும் பொய்யான பில்கள் போட்டு, சாய்பாசா, தும்கா, தேவ்கர், டோரண்டா கருவூலங்களிலிருந்து கோடிக்கணக்கில் பணம் எடுக்கப்பட்டிருந்தது. பூட்டு உடையவில்லை. காவலர் தூங்கவில்லை. கையெழுத்து, முத்திரை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. வழக்குகளுக்குக் கருவூலங்களின் பெயரையே வைத்தார்கள். சாய்பாசா கருவூல வழக்கு ஒன்றில் முன்னாள் முதல்வர் லாலு பிரசாத் யாதவ் 2013-ல் தண்டிக்கப்பட்டார். அந்த வழக்கின் தொகை 37.7 கோடி ரூபாய்.

அறையை உடைக்கத் தேவையில்லாமல் போனதற்குக் காரணம், பணம் அறையை விட்டுப் போய்விட்டதுதான். இன்றைய கருவூலத்தில் பெரிதாக ரொக்கம் கிடையாது. ஓர் அரசு அலுவலகத்தில் பணம் பெற்று வழங்கும் அலுவலர் பட்டியல் தயாரிப்பார். எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு, அதில் ஒதுக்கீடு மீதி இருக்கிறதா, உத்தரவு உண்டா என்று கருவூலம் சரிபார்க்கும். குறை இருந்தால் திருப்பி அனுப்பும். சரியாக இருந்தால் பணம் நேராகப் பெறுபவரின் வங்கிக் கணக்குக்குப் போகும். பணத்தைக் காவல் காத்த கருவூலம் இப்போது காகிதத்தைக் காவல் காக்கிறது. (அந்தக் காகிதமும் போய்க் கணினிக்கு வந்துவிட்டது.) மாநில அரசின் உண்மையான ரொக்க இருப்பு ரிசர்வ் வங்கியில் உள்ள கணக்கில் ஓர் எண்.

அந்த எண்ணையும் அரசு இஷ்டத்துக்குத் தொட முடியாது. அரசியலமைப்பின் 266-ஆவது பிரிவு வருவாயும் கடனும் எல்லாம் தொகுப்பு நிதியில் சேர வேண்டும் என்கிறது. சட்டமன்றம் ஒப்புதல் தராமல் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வெளியே வராது. வைப்புத்தொகை, ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதி போன்றவை, அதாவது அரசு வைத்திருந்தாலும் அரசுடையது அல்லாத பணம், பொதுக் கணக்கில் தனியாக நிற்கும். திடீர் வெள்ளம், புயல் என்றால் உடனே எடுக்க அவசரகால நிதி என்று ஒன்று, 267-ஆவது பிரிவில். மூன்றையும் சேர்த்துத்தான் பேச்சுவழக்கு கஜானா என்கிறது. மன்னர் காலத்தில் இந்தப் பிரிவினையே கிடையாது. அரண்மனைச் செலவும் நாட்டுச் செலவும் பெரும்பாலும் ஒரே சாவியில் இருந்தன. சமஸ்தானங்கள் இணைந்த பிறகும் மன்னர் மானியம் என்று ஒரு வால் மிச்சமிருந்தது. 1971-ல் அதுவும் வெட்டப்பட்டது.

இனி, காலி.

மாநில அரசின் ரிசர்வ் வங்கிக் கணக்கில் இருப்பு குறைந்தால் வழிவகை முன்பணம் என்ற பெயரில் வங்கியே குறுகிய காலக் கடன் தரும். அந்த வரம்பும் தாண்டினால் மிகைப்பற்று. அதற்கு இத்தனை நாள் என்று கெடு உண்டு. பெரிய தொகை தேவையென்றால் கடன் பத்திரங்கள் ஏலம் விடப்படும். எனவே கஜானா காலி என்பதற்கு, கணக்கில் சுழி என்று அர்த்தம் அல்ல. வர வேண்டியதைவிடக் கொடுக்க வேண்டியது அதிகம், கடன் வாங்கித்தான் சமாளிக்க வேண்டும் என்று அர்த்தம். அந்த நிலை அநேகமாக எல்லா மாநிலங்களுக்கும் எல்லா ஆண்டும் உண்டு. மேடைப் பேச்சில் ஒரு பழைய அறையின் படம் வருகிறது: கதவைத் திறந்தார்கள், உள்ளே ஒட்டடை. அந்தப் படம் சொல்லின் பூர்வீகத்துக்கு விசுவாசமானது, நடப்புக்கு அல்ல.

இதற்கு நேர்மாறான வேடிக்கை ஒன்று மார்ச் மாதத்தில் நடக்கும். ஒதுக்கிய பணம் மார்ச் 31-க்குள் செலவாகாவிட்டால் அந்த ஒதுக்கீடு காலாவதி. ஆகவே கடைசி வாரத்தில் பட்டியல்கள் கருவூலத்துக்குக் குவியும். மற்றெல்லாக் கஜானாக்களும் திருடனுக்குப் பயப்படும்போது, இது ஒன்று மட்டும் செலவாகாமல் போவதற்குப் பயப்படுகிறது.

நிஜமாகவே காலியானால் எப்படி இருக்கும் என்பதை இலங்கை 2022-ல் பார்த்தது. அங்கே கஜானாவும் இல்லை, கருவூலமும் இல்லை, திறைசேரி. ஆங்கிலத்து ட்ரெஷரியின் ஒலியைத் தமிழ்ச் சொல்லாகவே உருமாற்றியது போன்ற பெயர். திறை வந்து சேரும் இடம் என்று தமிழிலும் பொருள் சொல்லிக்கொள்ளலாம். இறக்குமதிச் சொல் இவ்வளவு பொருத்தமான வேட்டி கட்டிக்கொண்டது அபூர்வம். அதே அலுவலகத்துக்குச் சிங்களத்தில் மகா பாண்டாகாரய. தமிழ்நாட்டில் வசைக்குள் தள்ளப்பட்ட பண்டாரம், கொழும்பில் அரசாங்கத்தின் பெயர்ப்பலகையில் கம்பீரமாக இருக்கிறது.

2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அறிவித்தது. உடனடியாகப் பயன்படுத்தத்தக்க அந்நியச் செலாவணி 5 கோடி டாலருக்கும் குறைவு என்று மே மாதத் தொடக்கத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் சொன்னார். எரிபொருள் வரிசைகள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டன. ஆனால் அரசு ஊழியர் சம்பளம் ரூபாயில் தொடர்ந்து போனது, ஏனென்றால் ரூபாயை மத்திய வங்கியால் அச்சிட முடியும், டாலரை முடியாது. காலியானது திறைசேரியின் ரூபாய் அல்ல, நாட்டின் டாலர். கஜானா என்ற ஒற்றைச் சொல்லால் இந்த வேறுபாட்டைச் சொல்லவே முடியாது.

இலங்கைத் தமிழில் இன்னொரு சொற்சேர்க்கை தமிழ்நாட்டுக்காரரைத் திடுக்கிட வைக்கும்: திறைசேரி உண்டியல். அரசாங்கம் கோயில் வாசலில் உண்டியல் வைத்துவிட்டதோ என்று தோன்றும். அப்படி இல்லை. உண்டியல் என்பதன் பழைய பொருள் வணிகர்களின் பணமுறி. இன்ன தேதியில் இன்ன தொகை தரப்படும் என்ற சீட்டு. செட்டியார்களின் கடல் கடந்த வணிகத்தில் உண்டியல் அன்றாடச் சொல். 91, 182, 364 நாள் தவணையில் அரசு வாங்கும் கடனுக்கான சீட்டை அந்தப் பெயரால் அழைப்பது மிகச் சரியானது. நீண்ட காலக் கடனுக்குத் திறைசேரி முறி. தமிழ்நாட்டிலோ உண்டியல் என்றால் ஒன்று கோயில் பெட்டி, இல்லையென்றால் வங்கிக்குத் தெரியாமல் நடக்கும் பணப்பரிமாற்றம். அதனால் இந்தக் கடன் சீட்டுகள் இங்கே கருவூல பில்கள் என்று பாதி ஆங்கிலத்தில் நிற்கின்றன. ட்ரெஷரியில் மாட்டிக்கொண்ட சம்பள பில்லும் இதுவும் ஒன்றோ என்ற குழப்பம் இலவசம்.

தமிழ்நாட்டுக் கருவூலத் துறையின் இணையதள முகவரியில் கருவூலம் என்ற சொல்லே ஆங்கில எழுத்தில் இருக்கிறது. அரசு ஊழியர்களின் சம்பளச் சீட்டு, விடுப்பு, ஓய்வூதிய விவரம் எல்லாம் கிடைக்கும் கைபேசிச் செயலிக்குக் களஞ்சியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கூழில் தொடங்கிய சொல் வரிசை, சுற்றிவந்து மறுபடி நெல் கொட்டும் இடத்தின் பெயரில் நிற்கிறது. மாதக் கடைசியில் அதைத் திறந்தால் முதலில் கேட்பது கடவுச்சொல். இரட்டைப் பூட்டுக்கு ஓ.டி.பி.